ஸ்லைடு அனுப்பும் டாக்டர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

கொழிஞ்சாம்பாறையில் நான் வைத்திருப்பது சின்னக் கால்நடை ஆய்வுக்கூடம். ஒரு நுண்ணோக்கி, ஒரு சென்ட்ரிஃபியூஜ், செல்லுக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பாட்டில்கள், ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். எருத்தேம்பதி, வடகரப்பதி, சித்தூர், நெம்மாறை என்று ஒரு பக்கமிருந்து, செல்லைப் பரப்பிய கண்ணாடி ஸ்லைடு வரும். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலை என்று மறுபக்கமிருந்தும் வரும். படிவத்தில் பாதி மலையாளம், பாதி தமிழ், மருந்துப் பெயர் மட்டும் ஆங்கிலம். அதெல்லாம் பழகிவிட்டது. இன்னும் பழகாத விஷயம் ஒன்றே ஒன்று: அக்கறையாகச் சுற்றிக் கட்டி, தெளிவாக விலாசம் எழுதி வந்த பார்சலைப் பிரித்தால், ஸ்லைடில் பார்ப்பதற்கு ஒரு முழு செல்கூட இருக்காது.

கட்டியில் ஊசி குத்திச் செல் எடுக்க எல்லோருக்கும் தெரிகிறது. குத்தியதற்கு அடுத்த ஒரு நிமிஷத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. அதனால் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அதிகமாகவும் மற்றதைக் கொஞ்சமாகவும் எழுதுகிறேன். இது கால்நடை டாக்டர்களுக்கும் அவர்களோடு நிற்கும் உதவியாளர்களுக்கும். மாடு, நாய் வளர்ப்பவர்களும் படிக்கலாம், பார்சலைப் பத்திரமாகக் கொண்டுவர உதவும். ஆனால் ஊசியை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம்.

எதற்கு அனுப்பலாம்

நாய்களின் பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி, நிணநீர்க் கணுப் புற்று, மாஸ்ட் செல் கட்டி, கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி, மாட்டுக்கு உண்ணியால் வரும் தைலேரியா நோய்: இவற்றையெல்லாம் செல்லை வைத்தே நன்றாகச் சொல்ல முடியும். பெட்டை நாயின் மடிக்கட்டி அப்படியல்ல. அது நல்லதா கெட்டதா என்று செல்லை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். திசுவையே வெட்டி அனுப்புவது மேல். திசு என்றால் 10 சதவீத ஃபார்மலின், திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு. துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் மருந்து உள்ளே போவதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். வாய் அகன்ற டப்பாவில் போடுங்கள். மாத்திரை பாட்டிலில் திணித்து அனுப்பினால் உள்ளே போகும்போது மெத்தென்று போன திசு, இங்கே வரும்போது விறைத்துக்கொண்டு வெளியே வராது. பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஊசியை எடுப்பதற்கு முன்

முதலில் ஸ்லைடுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கிவிடுங்கள். ஆறு இருந்தால் நிம்மதி. பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்லைடுதானே என்று அப்படியே பயன்படுத்தாமல் ஒருமுறை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து உலரவிடுங்கள், கண்ணாடித் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் போகட்டும். ஒரு முனை சொரசொரப்பாக இருக்கும் ஸ்லைடு வாங்கி, அந்த முனையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை, மார்க்கர் மை எல்லாம் மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும், பென்சில் போகாது. விலங்கின் பெயரோடு உரிமையாளர் பெயர், தேதி, உடம்பில் எடுத்த இடம் மூன்றும் வேண்டும். இந்தப் பக்கத்து நாய்களில் பாதிக்கு மணி என்றுதான் பேர். ஒரே நாளில் இரண்டு மணி வந்து, இரண்டு ஸ்லைடிலும் ‘மணி’ என்று மட்டும் இருந்தால் நான் என்ன செய்ய?

ஸ்கேன் பார்த்துவிட்டு எடுப்பதானால் தோலில் இருக்கும் ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஜெல் ஒட்டிய ஸ்லைடு ஸ்டெயினில் கருஞ்சிவப்புப் பொடி தூவியதுபோல் நிறைந்து, செல்லை மறைத்துவிடும். கையுறைப் பவுடரும் இதேபோல் ஏமாற்றும்.

ஊசி

23 கேஜ், அதாவது பிளாஸ்டிக் கொண்டை நீலமாக இருக்கும் ஊசி பெரும்பாலான கட்டிக்குப் போதும். கொஞ்சம் கெட்டியான கட்டி என்றால் கறுப்புக் கொண்டை, 22. அதைவிடப் பருமனான ஊசி போட்டால் அதிக செல் வரும் என்று நினைக்கிறார்கள், வருவது ரத்தம். சிரிஞ்சு 5 மில்லியோ 10 மில்லியோ இருக்கட்டும்.

நிணநீர்க் கணு, வட்டச் செல் கட்டி (மாஸ்ட் செல் கட்டி, தொற்றுக் கட்டி மாதிரி) போன்ற மென்மையான இடங்களில் உறிஞ்சவே வேண்டியதில்லை. ஊசியை மட்டும் கையில் பிடித்து, கட்டிக்குள் முன்னும் பின்னும் சடசடவென்று ஏழெட்டு முறை, திசையைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் குத்தி வெளியே எடுங்கள். செல்கள் தாமாகவே ஊசித் துளைக்குள் ஏறி நிற்கும். உறிஞ்சித்தான் ஆகவேண்டிய கெட்டிக் கட்டியானால் ஒன்றை மறக்காதீர்கள்: ஊசியை வெளியே இழுப்பதற்கு முன் பிஸ்டனை விட்டுவிட வேண்டும். இழுத்த நிலையிலேயே வெளியே எடுத்தால் கிடைத்த துளியெல்லாம் சிரிஞ்சுப் பீப்பாய்க்குள் தெறித்து ஒட்டிக்கொள்ளும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஊசியின் கொண்டையில் ரத்தம் எட்டிப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பெரிய கட்டியின் நடுவில் செத்த திசுதான் இருக்கும். ஓரத்தில் குத்துங்கள், இரண்டு மூன்று இடத்தில், ஒவ்வொன்றுக்கும் புது ஊசி. நாய்க்கு உடம்பெல்லாம் கணு வீங்கியிருந்தால் தாடைக் கணுவை விட்டுவிடுங்கள். பல்லில் சொத்தை, ஈறு வீக்கம் என்று எதற்கெடுத்தாலும் அது வீங்கும். தோள் முன் கணு, முழங்கால் பின் கணு இரண்டும் மேல். மாஸ்ட் செல் கட்டி என்று சந்தேகம் வந்தால் போட்டுப் பிசையாதீர்கள், ஹிஸ்டமின் வெளியாகி இடம் சிவந்து தடித்துவிடும்.

பக்கத்து ஊர் என்றால் நானே போய் எடுப்பதும் உண்டு. எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கலப்பின மாடு ஒன்று. காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, காதுக்குள் கொத்துக் கொத்தாய் உண்ணி, தோள் முன் கணு கைப்பிடி அளவுக்கு வீங்கியிருந்தது. கணுவில் குத்தி ஸ்லைடில் விட்டபோது உளுந்தில் பாதிகூட இல்லை அந்தத் துளி. மாட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க டாக்டரம்மா, இத்தினியூண்டு தண்ணியிலயா வியாதி தெரியும்?” என்றார். “இத்தினியூண்டு இருந்தாத்தானுங்க தெரியும், சாஸ்தி வந்தா அது ரத்தமுங்க” என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்த அரை உளுந்துத் துளியில்தான், ஸ்டெயின் செய்து எண்ணெய் லென்சில் பார்த்தபோது, லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்குள், தைலேரியாவின் அடையாளமான கோக் நீல உருண்டைகள் தெளிவாகக் கிடந்தன. தைலேரியாவுக்கு ரத்த ஸ்மியரை (ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிய ரத்தத்தை) மட்டும் நம்புகிறவர்கள் கணுவையும் ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும். இரண்டையும் மருந்து போடுவதற்கு முன் எடுங்கள். ரத்த ஸ்மியருக்குக் காது நுனியிலிருந்து வரும் துளி நல்லது. சிவப்பு மூத்திரம் போகும் மாட்டுக்கும் அதேதான்.

அந்த ஒரு நிமிஷம்

ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி ஊசியை மாட்டி, ஊசி முனையின் சாய்வுப் பக்கம் கீழே பார்க்கும்படி ஸ்லைடுக்கு மிக அருகில் வைத்து மெல்லத் தள்ளுங்கள். உயரத்தில் வைத்துப் பீய்ச்சினால் செல் நாலாபக்கமும் சிதறி, விழுந்த இடத்திலேயே காய்ந்துவிடும். துளி, எழுதிய முனைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழட்டும். ஓரத்தில் விட்டால் நுண்ணோக்கியின் மேடையில் அந்த ஓரம் எட்டாது.

இப்போது இன்னொரு சுத்தமான ஸ்லைடை எடுத்துத் துளியின் மேல் தட்டையாக வையுங்கள். வைத்தால் போதும். அதன் சொந்தக் கனத்திலேயே துளி பரவுவது கண்ணுக்குத் தெரியும். பரவியதும் மேல் ஸ்லைடை ஒரே சீராக, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுத்து விடுங்கள். இங்கேதான் எல்லோரும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார்கள். நிணநீர்க் கணுப் புற்றின் செல்கள் மிக மென்மையானவை. அழுத்தினால் உடைந்து, நியூக்ளியஸ் நூல் நூலாக ஓடிக்கிடக்கும். அதைப் பார்த்து நான் எந்த முடிவுக்கும் வர முடியாது. அழுத்தாமல் விட்டதில் கனமாக நின்றுவிட்டாலும் பிரச்சினைதான். கனமான ஸ்மியரைப் பார்ப்பது ஓணத்துக்கு முந்தின சாயங்காலம் பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பது மாதிரி; கூட்டம் தெரியும், ஒரு முகமும் தெரியாது. துளி பெரிதாக விழுந்துவிட்டால் இன்னொரு ஸ்லைடின் ஓரத்தால் பாதியைத் தொட்டெடுத்து வேறொன்றில் பரப்புங்கள்.

இதையெல்லாம் ஊசித் துளைக்குள் ரத்தம் உறைவதற்கு முன் முடிக்க வேண்டும். நாயைப் பிடித்திருப்பவரோடு பேசிக்கொண்டே ஊசியைக் கையில் வைத்திருந்தால், தள்ளும்போது வருவது சின்ன ரத்தக்கட்டிதான்.

பரப்பியதும் உலர்த்துங்கள், உடனே, வேகமாக. கையில் பிடித்து விசிறலாம். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துப் பின்பக்கமாகக் காட்டலாம். தீயில் காட்டக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விசிறவே விடாது, நொடியில் காய்ந்துவிடும். புழுதி ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனி, ஆடியில் ஈரக்காற்று. அப்போது மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் மெதுவாகக் காய்ந்து, செல் சுருங்கி, சிவப்பணுக்குள் கண்ணாடிச் சில்லுபோல் மினுங்கும் புள்ளிகள் வந்துவிடும். அதை ஒட்டுண்ணி என்று நினைத்து மருந்து போட்டவர்களும் உண்டு. காய்ந்த கையோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈயும் கரப்பானும் ரத்த ஸ்மியரை விரும்பித் தின்னும். ஓட்டை ஓட்டையாய் வரும் ஸ்லைடைப் பார்த்ததும் அது எந்தக் கொட்டகையில் திறந்து கிடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம்.

எவ்வளவு விசிறியும் காயாமல் எண்ணெய்போல் பளபளக்கிறதா? கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். அந்தக் கொழுப்பு மெத்தனாலில் கரைந்துவிடும், ஸ்டெயின் செய்தால் ஸ்லைடு வெறுமையாகத் தெரியும். ‘காயவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு’ என்று படிவத்தில் எழுதி, ஸ்டெயின் செய்யாமல் அனுப்புங்கள். அந்த ஒரு வரி எனக்குப் பாதி ரிப்போர்ட்.

ஸ்டெயின் செய்து அனுப்பவா?

ஒன்றை மட்டும் செய்து பாருங்கள், செல் வந்திருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். விலங்கு வாசலைத் தாண்டிப் போவதற்கு முன்பே தெரிந்தால் இன்னொருமுறை குத்தலாம். லீஷ்மன் ஸ்டெயின் என்றால் ஸ்மியர் முழுக்க மூடும்படி ஊற்றி இரண்டு நிமிஷம், பிறகு இரு மடங்கு பஃபர் தண்ணீர் கலந்து பத்து நிமிஷம், கழுவல். பஃபர் பி.எச். 6.8 இருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடுமையானது. அதில் செய்தால் எல்லாமே நீலமாக அடித்துவிடும். மற்ற நான்கைந்து ஸ்லைடையும் வெறுமனே காயவைத்து அனுப்புங்கள். வந்துசேரச் சில நாள் ஆகும் என்றால் மெத்தனாலில் மூன்று நிமிஷம் நனைத்துக் காயவைத்து, அப்படிச் செய்ததை எழுதுங்கள். மெத்தனாலுக்குப் பதில் சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதிலிருக்கும் தண்ணீர் செல்லைக் கெடுக்கும். மெத்தனால் பாட்டிலையும் திறந்து வைக்காதீர்கள், காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

திரவம், புண், காது

வயிற்றுநீர், நெஞ்சுநீர் எடுத்தால் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில், செல் எண்ணிக்கைக்கு. ஒரு பங்கு மருந்தில்லாத ஸ்டெரைல் குழாயில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு, ஈ.டி.டி.ஏ. கிருமியின் வளர்ச்சியை அடக்கிவிடும் என்பதால் அதையே கல்ச்சருக்கு அனுப்பக் கூடாது. மூன்றாவது பங்கில் அங்கேயே இரண்டு ஸ்மியர் போட்டுக் காயவையுங்கள். குழாய்க்குள் இருக்கும் செல் வழியிலேயே மாறிக்கொண்டிருக்கும், ஸ்மியரில் இருப்பது எடுத்த நேரத்தில் இருந்தபடியே நிற்கும். மூட்டு நீர் நாலு சொட்டுதான் வந்தது என்றால் குழாயை மறந்துவிட்டு ஸ்மியர் மட்டும் போடுங்கள். தண்டுவட நீரைத் தூரத்திலிருந்து அனுப்பிப் பயனில்லை, ஒரு மணி நேரத்துக்குள் செல் சிதைய ஆரம்பித்துவிடும்.

புண்ணின் மேல் அப்படியே ஸ்லைடை ஒற்றினால் சீழும் கிருமியும் மட்டும்தான் ஒட்டும். மேல் பொருக்கை எடுத்து, சலைன் தொட்டுத் துடைத்து, காஸ் துணியால் ஒற்றி ஈரம் நீங்கியபின் ஸ்லைடை வையுங்கள். முடிந்தால் அடியில் ஊசியும் போடுங்கள். காதுச் சீழ் என்றால் பஞ்சுக்குச்சியை ஸ்லைடில் உருட்டுங்கள், தேய்க்க வேண்டாம். இடது வலது எழுதினால் சரி.

கைவைக்கக் கூடாத இடம்

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்து கிடக்கும் மாட்டை அறுக்கவே கூடாது. அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு ஸ்போர் என்னும் கெட்டி வித்தாக மாறி அந்த மண்ணில் பல வருஷம் கிடக்கும். முதலில் அரசு மிருகாசுபத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள். காது ரத்தக்குழாயிலிருந்து ஒரு ஸ்மியர் எடுப்பதைக்கூட அவர்கள் வந்து செய்யட்டும். வெறிநோய்ச் சந்தேகமுள்ள நாய், கருக்கலைந்து கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, இவையும் என்னைப்போன்ற சின்னக் கூடத்துக்கு வரவேண்டியவை அல்ல. கேரளத்தில் பாலோட்டில் மாநில விலங்கு நோய் நிறுவனம் இருக்கிறது, மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே, எப்படி அனுப்புவது என்று அரசு டாக்டரையே கேளுங்கள்.

படிவம்

‘நாய். கழுத்தில் கட்டி.’ இப்படித்தான் நிறைய வருகிறது. கழுத்தில் எங்கே? தோளுக்கு முன் கணு ஒரு கதை, தொண்டையில் தைராய்டு வேறு கதை, ஊசி போட்ட இடத்து வீக்கம் இன்னொரு கதை. இனம், வயது, ஆணா பெண்ணா, கருத்தடை செய்ததா, கட்டி எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாளாக, கெட்டியா மெத்தென்றா, தோலோடு நகர்கிறதா, ஊசியில் எடுத்ததா ஒற்றி எடுத்ததா: இத்தனையும் வேண்டும். அதைவிட முக்கியம், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது. ஸ்டீராய்டு போட்டபின் எடுத்த நிணநீர்க் கணு ஸ்லைடில் புற்று செல் சுருங்கி ஒளிந்துகொள்ளும். தொற்றுக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் ஆரம்பித்தாயிற்றா என்று தெரியாமல் நான் அந்த ஸ்லைடைப் படித்தால் உங்களுக்கு உபயோகமில்லை. நீங்கள் என்ன சந்தேகப்படுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சில பேர் அதை வேண்டுமென்றே எழுதுவதில்லை, ஆய்வுக்கூடத்தைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். பரீட்சை எழுத நான் தயார்தான், காத்திருப்பது மாடு.

கட்டி அனுப்புவது

ஸ்லைடுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டி மலிவுதான். அது இல்லையென்றால் இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் தீக்குச்சி வைத்து, முகம் உரசாமல் ரப்பர் போட்டு, கெட்டி அட்டைக்குள் வையுங்கள். வெறும் கவரில் போட்டால் உடைந்துதான் வரும்.

ஃபார்மலின் பாட்டிலும் ஸ்லைடும் ஒரே பார்சலில் வரவே கூடாது. மூடி இறுக்கமாக இருக்கிறது, தனி கவரில் போட்டிருக்கிறோம் என்பார்கள். வாடை கசிந்தாலே போதும், செல் பாதி பொரிந்து, ஸ்டெயின் பிடிக்காமல் நீலப்பச்சையாக மங்கிவிடும். பார்சலைத் திறக்கும்போதே மூக்கில் ஏறும். அப்போதே தெரிந்துவிடும், இன்றைக்கு இந்த ஸ்லைடில் வேலையில்லை என்று. இரண்டு பார்சல், இரண்டு நாள் என்றாலும் பரவாயில்லை.

திரவக் குழாய்களுக்கு ஐஸ் பேக் வேண்டும், ஆனால் காகிதம் சுற்றி, நேராக ஒட்டாமல். உறைந்தால் செல் வெடித்துவிடும். கசிந்தால் உறிஞ்சப் பஞ்சு சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அதை டப்பாவுக்குள் வையுங்கள். ஸ்லைடுக்கு ஐஸ் கூடாது. குளிரிலிருந்து எடுத்ததும் வேர்த்து, அந்த நீரிலேயே செல் ஊறிப்போகும். பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் இஞ்சின் மூடியின் மேல் வைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், பார்சல் என்றாலே அங்கேதான் வைப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் இங்கே ஹர்த்தால் இருக்கிறதா என்றும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ‘போதிய செல்கள் இல்லை’ என்று வந்தால் அதற்கு நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மறுபடி எடுங்கள், வேறு கோணத்தில், முடிந்தால் இன்னும் சின்ன ஊசியில். எடுத்ததில் ஒரு ஸ்லைடை எப்போதும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பார்சல் உடைந்தாலும் அதைக் கொண்டு வரலாம். ரிப்போர்ட் கைக்கு வந்தபிறகு அதை பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டு அப்புறப்படுத்தலாம். ஊசியை மட்டும் அன்றைக்கே ஊசி டப்பாவில் போட்டுவிடுங்கள், கொட்டகைச் சாணத்தில் விழுந்த ஊசியைத் தேடுவது பெரிய பாடு.